ஏழு குரோன் நாற்பத்தாறு: யூரோவோடு கட்டிய டேனிஷ் பணமும் பயணியின் கணக்கும்

டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவில் இல்லை. அங்கே புழங்குவது டேனிஷ் குரோன். ஆனால் எந்த வருஷத்து விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் ஒரு யூரோவுக்கு ஏழு குரோன் நாற்பத்துச் சொச்சம் என்றே போட்டிருக்கும். அந்தச் சொச்சத்தில் ஓரிரு காசு கூடும், குறையும். அவ்வளவுதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு இது இரண்டு விதமாகக் குழப்பம் தருகிறது. யூரோவோடு விலை ஒட்டியே நிற்கிறது என்றால் யூரோ நோட்டையே எடுத்துப் போய்ச் செலவழித்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். விலை மாறவே மாறாது என்றார்களே, பிறகு ஏன் விமான நிலையக் கவுண்டரில் யூரோவுக்கு 6.90 தந்தார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில், அந்த விலை எதனால் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

பெயரும் எழுத்தும்

குரோன் என்றால் கிரீடம். ஒன்றுக்கு மேல் போனால் டேனிஷ்காரர்கள் குரோனர் என்பார்கள். ஒரு குரோனுக்கு நூறு ஓரெ, நம் பைசா மாதிரி.

பக்கத்து நாடுகளிலும் இதே பெயர்தான். ஸ்வீடனில் குரோனா, நார்வேயில் குரோன், ஐஸ்லாந்தில் குரோனா. 1873இல் டென்மார்க்கும் ஸ்வீடனும் ஒரு நாணய ஒன்றியம் அமைத்தன. நார்வே 1875இல் சேர்ந்தது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோன் என்று மூன்று நாடுகளும் ஒரே எடையை வைத்துக்கொண்டதால் ஒரு நாட்டுக் காசு மற்ற நாட்டிலும் அப்படியே செல்லுபடியானது. முதல் உலகப் போர் வந்ததும் அந்த ஏற்பாடு உடைந்தது. பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று மூன்றும் மூன்று வேறு நாணயங்கள். மூன்றுக்கும் விலைச்சீட்டில் ஒரே ‘கேஆர்’ எழுத்துகளைப் போடுகிறார்கள் என்பதுதான் வம்பு. வங்கிக் குறியீட்டில் டேனிஷ் குரோன் டிகேகே, ஸ்வீடனுடையது எஸ்இகே, நார்வேயுடையது என்ஓகே. ரசீதில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டேனிஷ் காசு தமிழுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. 1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே அவர்கள் அடித்த நாணயங்களின் பெயர் ‘காஸ்’, ‘ஃபனோ’. நம் காசும் பணமும்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயின. எட்டு ஃபனோ ஒரு ரூபாய் என்பது அன்றைய கணக்கு.

எண் எழுதும் முறை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். டென்மார்க்கில் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர் எதிர். 1.250,50 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது குரோன், ஐம்பது ஓரெ. 45,- என்றால் நாற்பத்தைந்து குரோன், சில்லறை இல்லை. 1.250 என்பதை ஒன்றேகால் என்று படித்துவிடாதீர்கள். கடையில் போட்டிருக்கும் விலையில் 25 சதவீத விற்பனை வரியும் சேர்ந்தே இருக்கும். மேலே தனியாகக் கேட்க மாட்டார்கள்.

நாணயத்தைக் கட்டுவது என்றால்

உலகத்தில் பெரும்பாலான முக்கிய நாணயங்கள் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இழுக்கிற பக்கம் விலை போகும். குரோன் அப்படியில்லை. வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்று அது. கயிறு குட்டை, வண்டி போகிற இடத்துக்கெல்லாம் கன்றும் போகும். வண்டி யூரோ.

இதில் வருகிற சொற்கள் நான்கு.

1. மைய விகிதம். கன்று நிற்க வேண்டிய இடம். ஒரு யூரோவுக்கு 7.46038 குரோன். 1999 ஜனவரி 1 முதல் இதே எண்தான்.

2. வரம்பு. கயிற்றின் நீளம். மைய விகிதத்துக்கு மேலேயும் கீழேயும் 2.25 சதவீதம். அதாவது ஒரு யூரோ 7.29252 குரோனுக்குக் கீழேயும் போகக்கூடாது, 7.62824க்கு மேலேயும் போகக்கூடாது. நடைமுறையில் இவ்வளவு நீளக் கயிறு தேவைப்படுவதே இல்லை. விலை மைய விகிதத்தை ஒட்டி அரை சதவீதத்துக்குள்தான் உலவுகிறது.

3. ஏற்பாடு. இதற்குப் பெயர் ஐரோப்பிய செலாவணி விகித ஏற்பாடு, சுருக்கமாக இஆர்எம் 2. யூரோவுக்குள் நுழையப்போகிற நாடுகள் வரிசையில் நிற்கிற வராந்தா என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வழக்கமான வரம்பு 15 சதவீதம். டென்மார்க் தானாகக் கேட்டு 2.25 வாங்கிக்கொண்டது. 2023இல் குரோஷியா யூரோவுக்குள் போனது, 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியாவும் போனது. இப்போது வராந்தாவில் நிற்பது டென்மார்க் மட்டும், அதுவும் உள்ளே போகும் எண்ணம் இல்லாமல்.

4. தலையீடு. கன்று விலகினால் கயிற்றை இழுப்பது. அதைச் செய்வது டென்மார்க்கின் மத்திய வங்கி. 1818இல் தொடங்கிய அதன் பெயர் டென்மார்க்ஸ் நேஷனல்பாங்க்.

7.46038 என்ற அந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? யூரோ பிறப்பதற்கு முன்பு குரோன் கட்டியிருந்தது ஜெர்மன் மார்க்கோடு. 1982இல் வந்த அரசு, இனி நாணயத்தின் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தும் பழைய வழி வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதன் பிறகும் சில சின்னச் சரிக்கட்டல்கள் நடந்தன. கடைசியாக நடந்தது 1987 ஜனவரியில். அன்றிலிருந்து ஒரு மார்க்குக்கு 3.81443 குரோன். 1999இல் ஒரு யூரோ 1.95583 மார்க் என்று நிர்ணயித்தபோது, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் 7.46038. ஆகவே இன்றைய விலை யாரோ யோசித்துப் பொருத்திய எண் இல்லை. 1987இல் நின்ற இடத்திலேயே குரோன் இன்றும் நிற்கிறது, வண்டிதான் மாறியது.

கயிற்றை இழுப்பது எப்படி

மத்திய வங்கியின் கையில் இருப்பது இரண்டு கருவிகள்: அந்நியச் செலாவணிக் கையிருப்பு, வட்டி.

எல்லோரும் குரோனை விற்றுவிட்டு ஓடினால் அதன் விலை சரியும். அப்போது மத்திய வங்கி தன் கையிருப்பில் உள்ள யூரோவைக் கொடுத்துக் குரோனை வாங்கும். அது போதாவிட்டால் வட்டியை ஏற்றும். குரோனில் போட்டு வைத்தால் அதிக வட்டி என்றால் பணம் திரும்பி வரும். 2008 இலையுதிர்காலத்து நெருக்கடியில் இதுதான் நடந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்த அதே அக்டோபரில் டென்மார்க் தன் கடன் வட்டியை 5.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பொருளாதாரம் படுத்திருக்கும்போது வட்டியை ஏற்றுவது வீட்டுக்கடன் வாங்கியவனின் வயிற்றில் அடிப்பது மாதிரி. கயிற்றைக் காப்பாற்ற அந்த விலையைக் கொடுத்தார்கள்.

தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் சுவாரசியம். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்து, யூரோவுக்கு எதிராகத் தன் ஃபிராங்குக்குப் போட்டிருந்த 1.20 என்ற கட்டுப்பாட்டைத் திடீரென்று எடுத்துவிட்டது. ஃபிராங்க் எகிறியது. அடுத்தது டென்மார்க் என்று சந்தை ஊகித்தது. கயிறு அறுந்தால் குரோன் ஒரே நாளில் ஏறும், முன்கூட்டியே வாங்கி வைத்தவனுக்கு லாபம் என்று பணம் குவிந்தது.

மத்திய வங்கி ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் சுமார் 27,500 கோடி குரோனை விற்று வெளிநாட்டு நாணயம் வாங்கியது. மூன்றே வாரத்தில் நான்கு முறை வட்டியைக் குறைத்தது. பிப்ரவரி 5 அன்று அது சுழியத்துக்குக் கீழே 0.75 சதவீதத்தில் போய் நின்றது. குரோனை வைத்திருக்கிறவன் வட்டி வாங்குவதற்குப் பதிலாகக் கட்ட வேண்டும். அரசு புதிய கடன் பத்திரம் வெளியிடுவதையே நிறுத்தி வைத்தது, வெளியாட்களுக்கு வாங்கிப் போட ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று. ஊகக்காரர்கள் சோர்ந்து போனார்கள். கயிறு அறவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விலை சரியும்போது தடுக்க யூரோ வேண்டும். அது என்றாவது தீரும். விலை ஏறும்போது தடுக்கக் குரோன் போதும். அதை அச்சடிப்பதே அவர்கள்தான், அது தீராது. போதாக்குறைக்கு, இஆர்எம் ஏற்பாட்டின்படி வரம்பைத் தொட்டால் ஐரோப்பிய மத்திய வங்கியும் கைகொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்து தனியாகப் போட்டுக்கொண்ட கட்டுக்கு அப்படிப்பட்ட துணை இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் அன்றைய ஊகத்தின் பிழை.

அந்தக் கழித்தல் வட்டிக் காலத்தின் உச்சமாக, 2019இல் ஒரு டேனிஷ் வங்கி பத்தாண்டு வீட்டுக்கடனைச் சுழியத்துக்குக் கீழே அரை சதவீதத்தில் தந்தது. கடன் வாங்கியவனுக்கு வங்கி வட்டி கொடுத்த கதை! 2022 செப்டம்பரில்தான் டென்மார்க்கின் வட்டி சுழியத்துக்கு மேலே வந்தது.

இவ்வளவு பாடுபடுவதற்கு யூரோவுக்கே மாறலாமே?

மக்கள் வேண்டாம் என்றார்கள், அதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பொது நாணயத்துக்கும் வழிபோட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 1992இல் டேனிஷ் வாக்காளர்கள் 50.7 சதவீதத்தில் நிராகரித்தார்கள். சமாதானமாகச் சில விலக்குகள் தரப்பட்டன, பொது நாணயம் அதில் ஒன்று. 2000 செப்டம்பர் 28 அன்று யூரோ மட்டும் தனியாக வாக்கெடுப்புக்கு வந்தது, 53.2 சதவீதம் பேர் மறுத்தார்கள். 2022இல் பாதுகாப்பு விஷயத்தில் இருந்த விலக்கை அதே மக்கள் கைவிட்டார்கள். நாணய விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

விளைவு கொஞ்சம் வினோதமானது. வட்டியை நிர்ணயிக்கிற மேஜை ஃபிராங்க்ஃபர்ட்டில், ஐரோப்பிய மத்திய வங்கியில் இருக்கிறது. டென்மார்க்குக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் அங்கே எடுத்த முடிவைப் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கோபன்ஹேகனில் பின்பற்றியாக வேண்டும். நாணயத்தில் யாருடைய கிரீடம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள், வட்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1992 செப்டம்பரில் தன் நாணயத்தைக் காப்பாற்ற ஒரு நாள் வட்டியை 500 சதவீதம்வரை ஏற்றிப் பார்த்தது. தாங்க முடியாமல் நவம்பர் 19 அன்று அவிழ்த்துவிட்டது. நார்வே அடுத்த மாதம். இரண்டும் இன்றுவரை மிதக்கின்றன, அதாவது சந்தை இழுக்கிற பக்கம் போகின்றன. ஆகவே ‘ஸ்காண்டிநேவியக் குரோன் யூரோவோடு கட்டியது’ என்று பொதுவாகச் சொல்வது தவறு. கட்டியது டேனிஷ் குரோன் மட்டுமே.

எது மாறாது, எது மாறும்

மாறாதது யூரோவுக்கும் குரோனுக்கும் உள்ள உறவு. வண்டி மேடு பள்ளம் ஏறி இறங்கும்போது கன்றும் ஏறி இறங்கும். 2022 ஜூலையில் யூரோவும் டாலரும் சமமாகிவிட்டபோது ஒரு டாலருக்கு ஏறக்குறைய ஏழரைக் குரோன் கிடைத்தது. 2025 நடுவில் யூரோ ஏறியிருந்தபோது அதே டாலருக்கு ஆறரைக்கும் கீழேதான். ரூபாய் வைத்திருப்பவருக்கும் இதே கதை. ரூபாய்க்கு எதிராக யூரோ ஐந்து சதவீதம் ஏறினால் கோபன்ஹேகன் ஹோட்டல் வாடகையும் உங்களுக்கு ஐந்து சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள்.

1. கையில் யூரோ வைத்திருப்பவர் நல்ல விலைக்காகக் காத்திருப்பதில் பயன் இல்லை. இன்று மாற்றினாலும் அடுத்த மாதம் மாற்றினாலும் சந்தை விலை ஒன்றுதான்.

2. ரூபாய், டாலர், சிங்கப்பூர் வெள்ளி வைத்திருப்பவர் குரோன் விலையைத் தனியாகக் கவனிக்க வேண்டாம். யூரோ விலையைக் கவனித்தால் போதும்.

இரண்டாவதற்கு ஒரு சின்ன வாய்ப்பாடு இருக்கிறது. ஒன்றை 7.46ஆல் வகுத்தால் 0.134. ஆகவே 100 குரோன் என்பது 13 யூரோ 40 சென்ட். ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்கு எளிதாக இருக்க வைத்துக்கொண்டால் ஒரு குரோன் 13 ரூபாய் 40 காசு. யூரோ எந்த விலையில் இருந்தாலும் அதை 0.134ஆல் பெருக்குங்கள். அதுதான் குரோனின் நியாய விலை. மனக்கணக்கு வராதவர்கள் யூரோ விலையை ஏழரையால் வகுத்தாலும் பெரிய தவறு வராது.

கவுண்டர்காரர் எடுப்பது எவ்வளவு

கட்டிய நாணயம் பயணிக்குச் செய்கிற உண்மையான உபகாரம் இங்கேதான் இருக்கிறது. மிதக்கிற நாணயத்தில் கவுண்டரில் தருகிற விலை குறைவாக இருந்தால் ‘காலையில் மார்க்கெட் இறங்கிவிட்டது சார்’ என்று சொல்லிவிடலாம். யூரோவைக் குரோனாக மாற்றும்போது அந்தச் சாக்கு செல்லாது. விலை 7.46. அதற்குக் கீழே தருவதெல்லாம் அவர்களுடைய கூலி.

1. யூரோவுக்கு 7.10 தருகிறார்கள் என்றால் 36 ஓரெ குறைவு. 0.36ஐ 7.46ஆல் வகுத்தால் 4.8 சதவீதம்.

2. 6.90 தந்தால் 56 ஓரெ குறைவு. 7.5 சதவீதம்.

3. யூரோவுக்கு 7.20 என்று கவர்ச்சியாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் 40 குரோன் சேவைக் கட்டணம் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தால்? 100 யூரோ கொடுத்தால் 720, அதில் 40 போக 680. கிடைக்க வேண்டியது 746. போனது 66 குரோன், 8.8 சதவீதம். பலகையில் முதலாவதைவிட நல்ல விலை, கைக்கு வருவது மூன்றிலும் குறைவு. சின்னத் தொகைக்கு நிலைக் கட்டணம்தான் கொல்லும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘நான் 100 யூரோ தந்தால் என் கையில் எத்தனை குரோன் வைப்பீர்கள்?’ அந்த எண்ணை 746இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே குரோன் வாங்கிப் போவதா, யூரோ வாங்கிப் போய் அங்கே மாற்றுவதா என்பதையும் இதே கணக்கில் முடிவு செய்யலாம். யூரோ வாங்கும்போது 2 சதவீதம், அங்கே குரோனாக்கும்போது 6 சதவீதம் போகிறது என்றால் மொத்தம் ஏறக்குறைய 8 சதவீதம். நியாய விலை 13.40 ஆக இருக்கும் நாளில் உள்ளூர்க் கடை நேராக 14.20க்குக் குரோன் தந்தால் அது 6 சதவீதம். 14.20 என்பது முதல் பார்வைக்குக் கொள்ளையாகத் தெரிந்தாலும் இரண்டு முறை மாற்றுவதைவிட மலிவு. டேனிஷ் குரோன் நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் அதிகம் புரளாத சரக்கு. அதனால் விலை கடைக்குக் கடை நிறைய மாறும். இரண்டு மூன்று இடங்களில் கேட்பதில் பயன் உண்டு.

அப்புறம், அந்த ‘யூரோவையே செலவழிக்கலாமே’ கேள்வி. கோபன்ஹேகனில் சுற்றுலாப் பயணிகள் வருகிற சில கடைகள் யூரோ வாங்கிக்கொள்கின்றன. அது கடைக்காரரின் விருப்பம். சட்டப்படி செல்லுபடியாகிற பணம் குரோன் மட்டுமே. விலையை அவர் இஷ்டத்துக்குப் போடுவார், ஏழு குரோன் என்று முழுசாக்கினால்கூட 6 சதவீதம் போயிற்று. மீதியையும் குரோனில்தான் தருவார்.

கார்டு

உண்மையில் டென்மார்க்கில் நோட்டே தேவைப்படாமல் ஒரு வாரத்தைக் கழித்துவிடலாம். பேருந்து, கழிப்பறை, சந்தைக் கடை என்று எங்கும் கார்டுதான். பெரும்பாலான வங்கிக் கிளைகளில் ரொக்கம் புழங்குவதே இல்லை. உள்ளூர்க்காரர்கள் டான்கார்ட் என்ற தங்கள் நாட்டு அட்டையையும், மொபைல்பே என்ற செயலியையும் வைத்துக் காரியம் பார்க்கிறார்கள். பழைய சாமான் சந்தையில் ‘மொபைல்பே மட்டும்’ என்று அட்டை வைத்திருந்தால் பயணிக்கு வழியில்லை. டேனிஷ் வங்கிக் கணக்கும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் அதில் சேர முடியாது. மற்றபடி ஆள் இருந்து நடத்துகிற கடை காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை ரொக்கம் வாங்கியாக வேண்டும் என்பது பொது விதி. கொள்ளை பயம் அதிகமுள்ள பகுதிகளில் இரவு 8 மணிக்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கார்டில் கவனிக்க வேண்டியவை:

1. இயந்திரம் ‘உங்கள் நாணயத்திலேயே செலுத்துகிறீர்களா?’ என்று கேட்கும். ரூபாயிலோ யூரோவிலோ ஒரு தொகையைக் காட்டும். இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். மாற்று விலையைப் போடுவது கடைக்காரர் பக்கத்து நிறுவனம். 1,000 குரோன் பில் நியாயமாக 134 யூரோ. இயந்திரம் 141 என்று காட்டினால் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். எப்போதும் குரோனையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், ‘மாற்றாமல் தொடர்க’ என்பதுதான் சரியான பொத்தான். பதற்றத்தில் பலர் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள்.

2. கார்டு கொடுத்த வங்கியின் மார்க்கப், அதாவது மாற்று விலைக்கு மேல் வங்கி ஏற்றுகிற கூலி. பல இந்திய கார்டுகளில் இது 3.5 சதவீதம்வரை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம்.

3. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. ‘டென்மார்க் யூரோவோடு கட்டியதுதானே’ என்று நினைத்து யூரோவை ஏற்றிக்கொண்டு போவது பரவலாக நடக்கிற தவறு. வங்கியைப் பொறுத்தவரை குரோன் வேறு நாணயம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் நாணயம் மாறும் கட்டணம் விழும். சில வங்கிகளின் பல நாணய கார்டில் டேனிஷ் குரோனுக்கென்று தனிக் கணக்கும் உண்டு. இருந்தால் அதில் ஏற்றுங்கள்.

4. சில கடைகள் ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய கார்டுக்குத் தனியாகக் கொஞ்சம் சதவீதம் சேர்க்கின்றன. இது மாற்று விலையோடு சம்பந்தமில்லாதது, ரசீதில் தனி வரியாக வரும்.

அலமாரியில் கிடக்கிற நோட்டு

ஹெர்னிங், பிராண்டே போன்ற ஊர்களில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்தவர்கள் வீட்டில் மிச்ச நோட்டு பத்திரமாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முன்பெல்லாம் டென்மார்க்கில் பழைய நோட்டுகளும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தன. அது முடிந்துவிட்டது. 1,000 குரோன் நோட்டும் பழைய வரிசை நோட்டுகள் அனைத்தும் 2025 மே 31க்குப் பிறகு செல்லாது.

அடையாளம் காண்பது எளிது. நோட்டில் மனித முகம் இருந்தால் பழையது: 50இல் எழுத்தாளர் கேரன் பிளிக்ஸன், 500இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர். இவை செல்லாது. பாலம் இருந்தால் புதியது. ஒரு பக்கம் டேனிஷ் பாலம், மறுபக்கம் தொல்லியல் பொருள் என்று அமைந்த இந்த வரிசை 2009இல் தொடங்கியது. இதில் 50, 100, 200, 500 செல்லும். விதிவிலக்கு 1,000. அதிலும் பாலம் உண்டு, இருந்தும் செல்லாது. நாணய மாற்றுக் கடையில் யாராவது 1,000 குரோன் நோட்டை நீட்டினால் வாங்காதீர்கள்.

நாணயங்கள் 50 ஓரெ, 1, 2, 5, 10, 20 குரோன். இவற்றில் 1, 2, 5 மூன்றுக்கும் நடுவில் ஓட்டை. ஓட்டைக் காலணா பார்த்த தலைமுறைக்கு ஒரு கணம் வீட்டு ஞாபகம் வரும். 2024 ஜனவரியில் ராணி இரண்டாம் மார்கரேத்தே முடிதுறந்து பத்தாம் ஃபிரெடெரிக் மன்னரானார். ராணி முகம் போட்ட நாணயங்கள் தொடர்ந்து செல்லும். 50 ஓரெக்குக் கீழே நாணயமே இல்லாததால் ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையைப் பக்கத்து 50 ஓரெக்கு முழுசாக்குவார்கள். கார்டில் கொடுத்தால் துல்லியமான தொகை.

எல்லை தாண்டும்போது

பரோயே தீவுகளும் கிரீன்லாந்தும் டென்மார்க் அரசின் பகுதிகள், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. கிரீன்லாந்தில் டேனிஷ் நோட்டுகளே புழங்குகின்றன. பரோயே தீவுகளுக்கு மட்டும் தனி நோட்டு, தங்கள் ஊர் ஓவியங்களோடு. மதிப்பு ஒன்றுக்கு ஒன்று, நாணயங்கள் டேனிஷ் நாணயங்களேதான். டேனிஷ் நோட்டு அங்கே தாராளமாகச் செல்லும். அங்கிருந்து கொண்டுவந்த நோட்டைக் கோபன்ஹேகன் கடைக்காரர் வாங்கத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தீவை விட்டுக் கிளம்பும் முன்பே டேனிஷ் நோட்டாக மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை. வெளிநாட்டு நாணய மாற்றுக் கடைக்கு அதைக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடையாளமே தெரியாது.

கோபன்ஹேகனிலிருந்து ஓரசுண்ட் பாலத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்வீடனின் மால்மோ. அதே பெயர், அதே ‘கேஆர்’, வேறு பணம். அண்மை ஆண்டுகளில் ஒரு டேனிஷ் குரோனுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஸ்வீடிஷ் குரோனா. அங்கே 150 என்று போட்டிருப்பது டேனிஷ் கணக்கில் 100. ஆனால் இந்த ஒன்றரை நாளுக்கு நாள் மாறக்கூடியது, இதைக் கட்டிப்போட யாரும் இல்லை. மால்மோ கவுண்டரில் நல்ல விலையா, கெட்ட விலையா என்று பார்க்க அன்றைய சந்தை விலையைத்தான் தேட வேண்டும்.

திரும்பும் நாளில் மிஞ்சிய நோட்டை மறுபடி யூரோவாக்கினால் இன்னொரு முறை கூலி கொடுக்கிறீர்கள். நாணயங்களைப் பெரும்பாலான கவுண்டர்கள் வாங்காது. விமான நிலையத்துக் கடையில் பாதிப் பில்லை ரொக்கமாகவும் மீதியைக் கார்டிலும் கட்டலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் சரி என்பார்கள். 20 குரோன் நாணயத்தை முதலில் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். யூரோ நூறு ரூபாயாக இருந்தால் அது ஒவ்வொன்றும் 268 ரூபாய்.